இவர் தோற்க நான் எடுத்த பால்குடம்

போன வாரம் ஒரு காலை, எங்கள் வீட்டு கேட்டுக்கு முன்னால் வெள்ளை வேன் ஒன்று வந்து நின்றது. அப்போதுதான் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றியிருந்தேன். எட்டிப் பார்த்தால் நாலைந்து இளைஞர்கள் இறங்கி நிற்கிறார்கள். ஒருவர் கும்பிட, மற்றவர்கள் அந்தக் கும்பிடைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தேர்தல் வந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். மலேசியாவில், இந்தப் பாக்கார் ஆராங்கில் எங்களுடையது போன்ற வரிசை வீடுகளுக்கு வேட்பாளரே நடந்து வருவது இப்போது அபூர்வம். பையன் நல்ல களையாக இருந்தான். "ஆதரவு குடுக்கணும் ஆண்ட்டி" என்றான். "கண்டிப்பா தம்பி" என்றேன். எந்தக் கட்சி வந்தாலும் நான் அப்படித்தான் சொல்வேன். யாரையும் வாசலில் வைத்து வாட வைக்கக் கூடாது.

ஆனால் என் கண் அவன்மேல் நிற்கவில்லை. வேனின் முன்னிருக்கையில் ஒரு பெண், மடியில் தூங்கும் குழந்தையோடு, கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். வேட்பாளரின் மனைவி யார் என்று எனக்கு யாரும் அடையாளம் காட்ட வேண்டியதில்லை. அந்தக் கூட்டத்திலேயே சிரிக்காத ஒரே ஆள் அவள்தான். போய்க் கண்ணாடியைத் தட்டினேன்.

"பசியாறிட்டீங்களாம்மா?"

"இன்னும் இல்ல ஆண்ட்டி. ஆறு மணிக்கே கெளம்பியாச்சு."

இரண்டு தோசையைத் தாளில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தேன். சூடு கையில் ஏற, அதை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே, வெளியே நிற்பவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்: "இதெல்லாம் எப்ப ஆண்ட்டி முடியும்?"

இந்தக் கேள்வியைப் பதினாறு வருஷம் எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தவள் நான். வேன் போய்விட்டது. கல்லில் விட்டுவந்த தோசை கருகி, வாடை கூடம்வரை வந்துவிட்டது. அந்தக் கருகலை முகர்ந்துகொண்டே கொஞ்ச நேரம் அடுப்படியில் நின்றேன். உங்களிடம் சொன்னால் என்ன? இத்தனை காலம் கழித்து யார் என்னைக் கேள்வி கேட்கப் போகிறார்கள்!

என் வீட்டுக்காரர் ஒருமுறை நாடாளுமன்றத் தேர்தலில் நின்றார். இனி அவரை 'இவர்' என்றே சொல்கிறேன். எழுதும்போதாவது புருஷன் பெயரை எழுதலாமே என்று மகள் கேலி செய்கிறாள். எழுதலாம்தான், கை வரவில்லை. தோட்டத்தில் வளர்ந்த எங்கள் வயதுப் பெண்களுக்கு அது அப்படியே ஊறிப்போய்விட்டது. ஆஸ்பத்திரியில் புருஷன் பெயர் கேட்டால் பக்கத்தில் இருப்பவரைச் சொல்லச் சொல்வோம். அதனால் எனக்கு வந்த வம்பைப் பிறகு சொல்கிறேன்.

இவர் பிறந்தது சிடாம் கிரி பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அம்மா பால்மரம் சீவ, இவர் ஆயாக் கொட்டகையில் மற்ற பிள்ளைகளோடு தவழ்ந்து வளர்ந்தார். சைக்கிள் மிதித்துச் சுங்கைப் பட்டாணிக்குப் போய்ப் படித்தார். படித்து முடித்ததும் அதே தோட்டத்தில் கணக்கெழுதும் சின்னக் கிராணி வேலை. தோட்டத்தில் கிராணி என்றால் பாதி துரை. இவர் அம்மா அன்றைக்குத் தொழிலாளர் குடியிருந்த லயம் முழுக்கச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாராம்.

அந்தப் பெருமை ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. ஒரு நாள் விடிகாலைப் பெரட்டில், எல்லாரும் வரிசையாக நின்று பேர் கொடுக்கும் இடத்தில், துரை ஒரு வயதான அம்மாளைக் கண்டபடி பேசியிருக்கிறார். இவர் பேர் பதிகிற புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்துவிட்டு, இறங்கிப் போய் அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் வரிசையில் நின்றுகொண்டார். பேசவெல்லாம் இல்லை. சும்மா நின்றார், அவ்வளவுதான். கிராணி வேலை அன்றோடு போனது. மறுநாளிலிருந்து இவர் 'தலைவர்'. பிறகு தொழிற்சங்கம், அதன்பின் கட்சிக் கிளை, நகராண்மைக் கழகம் என்று ஏறிக்கொண்டே போனார். சர்க்கரைப் பொங்கல் கொடுத்த அம்மா மூன்று நாள் இவரோடு பேசவில்லை.

நான் அந்தத் தோட்டத்துப் பாலர் பள்ளியில் ஆசிரியை. எங்கள் கல்யாணத்துக்கே இவர் ஒரு மீட்டிங்கை முடித்துக்கொண்டுதான் வந்தார். மாப்பிள்ளைக் கோலத்தில் ஐயர் முன்னால் உட்கார்ந்தபோது சட்டைப்பையில் யாரோ கொடுத்த மனு ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. தாலி கட்டக் குனிந்தவரின் பையிலிருந்து அது என் மடியில் விழுந்தது. முதல் சீதனம் அதுதான் என்று என் அண்ணன் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான்.

வீட்டில் காலை ஏழு மணிக்கே ஆட்கள் வந்துவிடுவார்கள். ஆளுக்கொரு பழுப்பு உறை. பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள், இந்த மண்ணிலேயே பிறந்தும் குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு ஐ.சி. அட்டையோடு அலைகிறவர்கள், லயத்தைக் காலி செய்யக் கடிதம் வந்தவர்கள். எல்லாருக்கும் கோப்பி. கோப்பித்தூள் வாடை என் சேலையிலிருந்து போனதே இல்லை. தப்பாக நினைக்காதீர்கள், அந்த மக்கள்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. அவர்கள் என் மக்கள். இவர்மேல்தான் வருத்தம். அவர்கள் எல்லாருடைய முகமும் இவருக்கு நினைவிருக்கும். எங்கள் வீட்டில் அரிசி இருக்கிறதா என்பது மட்டும் நினைவிருக்காது.

மகள் பிறந்த அன்று இவர் அலோர் ஸ்டாரில் ஒரு பேச்சுவார்த்தையில் இருந்தார். அதை மன்னித்துவிட்டேன். அவள் முதல் வகுப்பு சேர்ந்தபோது ஆசிரியை எல்லாப் பிள்ளைகளிடமும் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டிருக்கிறார். ஒவ்வொன்றும் லோரி ஓட்டுகிறார், பேக்டரி, பால்வெட்டு என்று சொல்ல, எங்கள் மகள் எழுந்து, "எங்கப்பா மீட்டிங்" என்றாளாம். பள்ளிக்கூடமே சிரித்தது. இவரிடம் சொன்னபோது இவரும் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அடுப்படிக்குப் போய் வெங்காயம் உரித்தேன், அழுவதற்கு அதைவிட நல்ல சாக்கு எது!

இப்படி இருக்கும்போதுதான் தோட்டம் கைமாறப் போகிறது என்று பேச்சு வந்தது. மரங்களை அழித்து வீட்டுமனை போடப் போகிறார்களாம். மூன்று தேர்தலாக 'அடுத்த தடவை உங்களுக்குத்தான்' என்று சொல்லிக்கொண்டிருந்த கட்சி நான்காவது முறையும் வேறொருவரை நிறுத்தியது. அன்று மாலை தோட்டத்திலிருந்து முப்பது பேர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். முன்னால் நின்றது அஞ்சலை அக்கா. பால்வெட்டுப் பெண்களுக்கெல்லாம் அவள்தான் வாய். மூச்சு விடாமல் பேசுவாள், இடுப்புவரை தொங்கும் முடியை அள்ளிச் செருகிக்கொண்டே பேசுவாள்.

"கட்சி குடுக்காட்டி என்னா தலைவரே, நீங்க தனியா நில்லுங்க. கோலாலம்பூர்ல நமக்குன்னு ஒரு ஆளு எந்திரிச்சுக் கேக்கணும்லா. இல்லன்னா எங்கள தூக்கி எங்க போடுவாங்கன்னு எங்களுக்கே தெரியாது."

இவர் எல்லாரையும் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்து, "நீ என்ன சொல்ற?" என்றார். பதினாறு வருஷத்தில் முதல்முறையாக என்னிடம் கேட்கிறார். அதுவும் முப்பது பேர் முன்னால். அஞ்சலை அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்வேன்? "ஒங்க இஷ்டங்க" என்றேன். கூடம் முழுக்கக் கைதட்டல். கோப்பி போட உள்ளே போய்விட்டேன்.

மனசில் இருந்ததை இப்போது சொல்கிறேன். ஜெயித்தால் இவர் 'ஒய்.பி.' ஆகிவிடுவார். நாடாளுமன்ற உறுப்பினரை இங்கே எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பாதி வாழ்க்கை கோலாலம்பூரில், மீதி பாதி கூட்டத்தில். எனக்கும் மகளுக்கும் மிஞ்சுவது சுவரில் மாட்டும் படம் ஒன்றுதான். எனக்கு என் புருஷன் வீட்டில் வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு, உப்பு போதவில்லை என்று குறை சொல்ல வேண்டும். இதுதான் என் பேராசை. ஒரு தோட்டத்து மக்களின் கூரைக்கு எதிரே வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு சின்ன ஆசை என்று எனக்கே தெரியும். அதனால்தான் வாய் திறக்கவில்லை.

வேட்புமனுத் தாக்கல் ஒரு சனிக்கிழமை, காலை ஒன்பதிலிருந்து பத்துக்குள். மளிகைக்கடை மணியம் அண்ணன்தான் தேர்தல் வேலைக்குத் தலைமை. வெள்ளிக்கிழமை பகல் கடையில் தொங்கும் நாள்காட்டியைக் கையோடு கழற்றி எடுத்துக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார்.

"தலைவரே, மோசம் போச்சு! நாளைக்கு ஒம்போதுலேருந்து பத்தரவரைக்கும் ராகுகாலம். மனு குடுக்குற நேரம் முழுக்க அதுக்குள்ளதான் இருக்கு."

இவர் மேடையில் நாளும் கோளும் பார்ப்பவர்களைக் கிழித்துத் தோரணம் கட்டுகிறவர். அன்றைக்கு முகம் வெளுத்துப்போனது. நாள்காட்டியை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினார். பத்து மணிக்குக் கதவை மூடிவிடுவார்கள், பத்தரைக்குப் போய் யாரிடம் கொடுப்பது? "அம்மன் தடுக்குறாளோ என்னமோ" என்று ஒருவர் முணுமுணுத்தார். இன்னும் ஐந்து நிமிஷம் நான் சும்மா இருந்திருந்தால் போதும். எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். புருஷன் வீட்டில் இருந்திருப்பார்.

ஆனால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம், யாராவது தப்பாகக் கணக்குப் போட்டால் பொறுக்க மாட்டேன். ஆசிரியைப் புத்தி. "அண்ணே, இது தமிழ்நாட்டுலேருந்து வந்த கலண்டர்தானே? அங்க ஆறு மணிக்குப் பொழுது விடிஞ்சிரும். இங்க ஏழேகால் ஆகுதுல்ல? ராகுகாலம் சூரியன் வந்ததுலேருந்து எண்ணணும். நமக்குப் பத்தேகாலுக்குத்தான் ஆரம்பம்" என்று சொல்லிவிட்டேன். இருட்டில் எழுந்து ரப்பர்க்காட்டுத் தீம்பாருக்குப் பால் வெட்டப் போன குடும்பம் எங்களுடையது. இங்கே விடியல் எத்தனை மணிக்கு என்று எனக்குத் தெரியாதா? ஒன்பது மணிக்குக் கெடா மாநிலத்தில் ராகு படுக்கையை விட்டே எழுந்திருக்க மாட்டார். மணியம் அண்ணன் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். இவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்க்கவில்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

மறுநாள் ஒன்பதரைக்கு மனுவைக் கொடுத்தார். தனியாக நிற்பவர்களுக்கு உள்ள சின்னங்களில் மரம் கிடைத்தது. பால்வெட்டுக்காரர்களின் வேட்பாளருக்கு மரம் வாய்த்தால் கேட்க வேண்டுமா? மாலையைப் போட்டுத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டே போய்விட்டார்கள். கற்பூரம் காட்டும்போது ஆளாளுக்கு வேண்டுதல் சொல்ல ஆரம்பித்தார்கள், எல்லாம் உரக்க. ஒருவர் நூற்றெட்டுத் தேங்காய். ஒருவர் அங்கப்பிரதட்சணம். அஞ்சலை அக்கா கொண்டையை அவிழ்த்துக் காட்டி, "தாயே, தலைவரு ஜெயிக்கட்டும், இந்த முடிய ஒனக்குத் தாறேன்!" என்றாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், திட்டம் போட்டுச் செய்யவில்லை. உதடு தானாக அசைந்தது. 'ஆத்தா, இவர் தோற்றுப்போகட்டும். திருவிழாவுக்குப் பால்குடம் எடுக்கிறேன்.' கண்ணைத் திறந்தபோது அம்மன் முகத்தை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. இத்தனை பேர் ஒரு பக்கம் இழுக்க, நான் ஒருத்தி மறுபக்கம் இழுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் உழைத்த உழைப்பு இருக்கிறதே! குற்ற மனசு குதிரை மாதிரி வேலை வாங்கும். சுவரொட்டி ஒட்ட மரவள்ளி மாவில் பசை காய்ச்சுவேன், குளிக்கிற அண்டா அளவு பானையில். வெந்த மாவின் அந்தப் புளிச்ச வாடை தலைமுடியில்கூட ஏறிவிட்டது. இப்போது அதெல்லாம் இல்லை, பிளாஸ்டிக் பதாகையைக் கம்பத்தில் இறுக்கிக் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அன்றைக்குப் பசை காய்ந்த கையோடு லயம் லயமாக ஏறி இறங்கினேன்.

பெயர் வம்பு வந்தது பெண்கள் கூட்டத்தில்தான். கோயில் மண்டபத்தில் மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார்கள். "நீங்கள் எல்லாரும்..." என்று ஆரம்பித்தேன். அடுத்து பெயரைச் சொல்ல வேண்டும். வாய் கட்டிப்போய்விட்டது. "எங்க வீட்டுக்காரருக்கு..." என்றேன். "பேரச் சொல்லுங்க அண்ணி!" என்று அஞ்சலை அக்கா பின்னாலிருந்து கத்தினாள். "அதான்... மரத்துக்கு..." மண்டபமே குலுங்கியது. அப்போது அவளே முன்னால் வந்து மைக்கைப் பிடுங்கி, "அம்மாமாருங்களே, பொறந்ததுலேருந்து மரத்துல வெட்டுறோம். இப்ப மரத்துக்கு நேரா ரெண்டே ரெண்டு வெட்டு. குறுக்க ஒண்ணு, நெடுக்க ஒண்ணு. நமக்குத் தெரியாத வேலையா?" என்றாள். இங்கே ஓட்டு என்பது சீட்டில் சின்னத்துக்கு நேராகப் போடும் பெருக்கல் குறிதான். அதைவிட நல்ல பேச்சை இவர்கூட அந்தத் தேர்தலில் பேசவில்லை.

ஓட்டுப் போடும் நாள் வந்தது. அட்டைத் தடுப்புக்குப் பின்னால் சீட்டை விரித்து வைத்துக்கொண்டு நின்றேன். மற்ற சின்னத்தில் கோடு போட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் மரத்துக்கு நேராகத்தான் போட்டேன், அழுத்தியே போட்டேன். ஓட்டு அஞ்சலை அக்காவுக்கும் அவள் கூரைக்கும் சேர வேண்டியது. வேண்டுதல் என்னுடையது. இரண்டையும் கலக்கக் கூடாது என்று தோன்றியது. சிரிக்காதீர்கள், அன்றைக்கு எனக்கு அது பெரிய நியாயமாகப் பட்டது.

இவர் தோற்றார். கொஞ்சநஞ்சமல்ல, நன்றாகவே தோற்றார். தோட்டத்துப் பெட்டிகளில் மட்டும் மரம் நிறைந்திருந்தது. டவுனில் இவரை யாருக்குத் தெரியும்? மறுநாள் காலை ஏழு மணிக்கு யாரும் வரவில்லை, முகம் காட்டக் கூச்சப்பட்டிருப்பார்கள். இவர் ஒன்பது மணிவரை தூங்கினார். எழுந்து வந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, மகளைப் பார்த்து, "நீ இப்ப எத்தனாவது படிக்கிறே?" என்று கேட்டார். அவள் சொன்னாள். "அப்படியா, அதுக்குள்ளயா?" என்றார். எனக்கு நெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மிக்கல் இறங்கியது. சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல் தோசையைத் தீய்த்துவிட்டேன். பத்து மணிக்கு அஞ்சலை அக்கா வந்து ஒப்பாரி வைக்காத குறையாக அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முடி மட்டும் தப்பிச்சிச்சு அண்ணி" என்றாள்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. அம்மன் தன் வேலையை முடித்துவிட்டாள். இனி என் முறை. தோற்றால் தேங்காய் உடைக்கிறேன் என்று யாருமே வேண்டவில்லை. அந்த வருஷத் திருவிழாவில் இந்தத் தேர்தலுக்காக நேர்த்திக்கடன் செலுத்த வேண்டியவள் ஊரிலேயே நான் ஒருத்திதான். செய்யாமல் இருக்கலாமா? அந்தத் தைரியம் எனக்கு இல்லை. மஞ்சள் சேலை எடுத்தேன். "என்ன திடீர்னு?" என்றார் இவர். "வேண்டுதல்" என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை. பால்குடம் எடுப்பவருக்குக் காலில் தண்ணீர் ஊற்ற வீட்டு ஆள் ஒருவர் கூட வர வேண்டும். "நான் வாறேன், இப்பத்தான் எனக்கு வேலையில்லையே" என்றார்.

முச்சந்திப் பிள்ளையார் கோயிலிலிருந்து அம்மன் கோயிலுக்கு இரண்டு கட்டை, இரண்டு மைல் தூரம். வெயில் ஏறி, தார் இளகி, கால் வைக்க முடியவில்லை. தலையில் குடம், இரண்டு கையாலும் பிடித்திருக்கிறேன். இவர் வாளியோடு பக்கத்திலேயே நடந்து, நான் கால் வைக்கப்போகும் இடத்தில் எல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார். தோட்டத்து வளைவில் கூட்டம் நின்றது. அஞ்சலை அக்கா என்னைக் கண்டதும் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள்.

"பாருங்கடி! தலைவரு அடுத்த தடவ ஜெயிக்கணும்னு அண்ணி இப்பவே பால்குடம் எடுக்குறாங்க! பொண்டாட்டின்னா இப்படில்ல இருக்கணும்!"

பெண்கள் என் காலில் மஞ்சள் நீர் ஊற்றி விழுந்து கும்பிட்டார்கள். அந்தக் கும்பிடைத் தூக்கிக்கொண்டு ஒரு அடிகூட நடக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. வளைவு தாண்டியதும் கூப்பிட்டேன்.

"ஏங்க."

"காலு சுடுதா?"

"இது நீங்க ஜெயிக்கிறதுக்கு இல்ல."

"எது?"

"இந்தக் கொடம். நீங்க தோக்கணும்னு வேண்டிக்கிட்டேன். மனு குடுத்த அன்னிக்கே."

தலையில் குடம் இருப்பதால் முகத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் இருக்கும் சாலைதான். தண்ணீர் நின்றுவிட்டது. காய்ந்த தாரில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணிக்கொண்டே அடி வைத்தேன். உள்ளங்கால் பொரிந்தது. நின்றால் பால் தளும்பும், நடந்துதான் ஆக வேண்டும். ஐந்தாவது அடி வைக்கப்போன இடத்தில் தண்ணீர் வந்து விழுந்தது.

கொஞ்ச தூரம் போனபின் இவர் குரல் கேட்டது. "மொதல்லயே சொல்லிருந்தா நான் நின்னிருக்கவே மாட்டேன்லா."

"அதான் சொல்லல."

கோயில்வரை தண்ணீர் மட்டும் நிற்கவே இல்லை. பால் அம்மன் தலையில் ஊற்றப்பட்டபோது நான் தேம்பித் தேம்பி அழுதேன். பக்தி என்று எல்லாரும் நினைத்தார்கள். எனக்கு வந்தது வெறும் நிம்மதி. என்னிடம் இனி மறைக்க எதுவுமில்லை, இவரும் பக்கத்தில் நிற்கிறார். அதற்குமேல் எதையும் கேட்கத் தோன்றவில்லை.

இவர் அப்புறம் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. கேட்டு வந்தவர்களிடம் "போதும்லா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் மொழிபெயர்க்கிற வேலை கிடைத்தது. ஐந்தரைக்கு வீட்டுக்கு வருவார். உப்பு போதவில்லை என்பார். மகளுக்குக் கணக்குச் சொல்லித்தரப் போய், அவளைவிடத் தப்பாகப் போட்டு இருவரும் சண்டை பிடிப்பார்கள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

மூன்று வருஷம் கழித்துத் தோட்டம் விற்கப்பட்டது. இயந்திரங்கள் வந்த காலையில் இவருக்கு ஆள் வந்தது. போனார். கம்பிக் கதவுக்கு முன்னால் அஞ்சலை அக்காவும் மற்றவர்களும் உட்கார்ந்திருந்தார்களாம். இவர் கதவருகே போய் மேலதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். காவலாளி மரியாதையாகத்தான், "என்சிக் சியாப்பா?" என்று கேட்டிருக்கிறான், ஐயா நீங்கள் யார் என்று. 'ஒய்.பி.' என்று ஒரு சொல் சொல்ல முடிந்திருந்தால் கதவு திறந்திருக்கும். இவர், "சயா ஓராங் சினி" என்றாராம். நான் இந்த இடத்துக்காரன். கதவு திறக்கவில்லை.

இதையெல்லாம் மணியம் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இவர் மாலை வந்து கை கால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார். நான் பரிமாறிக்கொண்டே காத்திருந்தேன். 'நீ அன்னிக்கு வேண்டிக்கிட்டதுனாலதான்' என்று ஒரு வார்த்தை வரும், வந்தால் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று மனசைக் கல்லாக்கி வைத்திருந்தேன். இவர் இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார். மகளுக்கு மறுநாள் பரீட்சை, அதைப் பற்றி விசாரித்தார். கையைக் கழுவிவிட்டுப் போய், வெளியே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அந்த வார்த்தையை அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றுவரையிலும் சொல்லவில்லை.

இவர் ஜெயித்திருந்தால் தோட்டம் நின்றிருக்குமா? எனக்குத் தெரியாது. ஒரு ஆள் எழுந்து கேட்டதால் எத்தனை தோட்டம் நின்றிருக்கிறது என்றும் தெரியாது. லயங்கள் இருந்த இடத்தில் இப்போது மாடிக் கடைகள். பெரட்டுக் களத்தின்மேல் கார்கள் நிற்கின்றன. மாரியம்மனைப் பெரிய சாலையோரம் ஒரு சின்ன நிலத்துக்கு மாற்றிவிட்டார்கள். பால்குடம் இப்போது கோயிலையே மூன்று சுற்றுச் சுற்றினால் போதும், காலில் தண்ணீர் ஊற்ற யாரும் தேவையில்லை. மக்களில் பாதிப் பேருக்கு அடுக்குமாடியில் வீடு கிடைத்தது, மீதிப் பேர் எங்கெங்கோ. அஞ்சலை அக்கா மூன்றாம் மாடியில் மகன் வீட்டில் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். அந்தப் பால்குடம் இவர் ஜெயிப்பதற்குத்தான் என்று கடைசிவரை நம்பினாள். அவளிடம் உண்மையைச் சொல்லத் துணிவு எனக்கு வரவே இல்லை.

தோட்டம் இல்லை, அதன் மனிதர்களும் இல்லை. இவர் இருக்கிறார். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உள்ளே இருமிக்கொண்டே கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறார். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இருமலைக் கேட்க எனக்கு நிம்மதியாக இருக்கிறது.